ஹொக்கிச் சுற்றுப்போட்டி நாளில் அடுப்பில் எது: புட்டா, சோறா, கொத்தா, கூழா?

வன்னியில் ஒருநாள் ஹொக்கிச் சுற்றுப்போட்டி வைக்கும் கழகம் எதுவானாலும், அழைப்பிதழ் அடிக்கும் முன்பே சாப்பாட்டு வாக்குவாதம் தொடங்கிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தார், காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் இல்லாமல் விளையாட்டு நாளா என்பார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தார் குளத்துமீன் குழம்பும் சோறும் போதும் என்பார்கள். கிளிநொச்சி, வவுனியா நகரத்துப் பெடியளுக்குக் கொத்துரொட்டி. மூத்தவர்கள் புட்டை விடமாட்டார்கள். கூழ் என்று முடிவானாலும் சண்டை ஓயாது: குருநகர்க் கூழா, நந்திக்கடல் இறால் போட்ட கூழா, மன்னார் நண்டுக் கூழா என்று இன்னொரு சுற்று ஓடும்.

நான்கும் நல்ல சாப்பாடு. எது ருசி என்று கேட்டால் விடியும்வரை முடிவு வராது. எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் முன், எந்த ஆட்டத்துக்குப் பின் என்று கேட்டால் அரை மணித்தியாலத்தில் வந்துவிடும். ஆகவே முதலில் ஆட்ட அட்டவணை, பிறகுதான் அடுப்பு.

எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான கழகங்களுக்குப் பொருந்தும் ஒரு கணக்கு இது. 8 அணிகள், அணிக்கு 7 பேர் ஆடும் முறை, பதிலாட்கள் 3 பேர். இரண்டு குழுக்களாகப் பிரித்தால் 12 குழுநிலை ஆட்டங்கள், 2 அரையிறுதி, 1 இறுதி. ஓர் ஆட்டம் 10 நிமிடம், 2 நிமிட இடைவேளை, மறுபடி 10 நிமிடம். அணி மாற 5 நிமிடம் சேர்த்தால் 27 நிமிடம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் குழுநிலை முடிய 12.24 ஆகும். வெயில் தணியும்வரை நிறுத்தி, 3 மணிக்கு அரையிறுதி, 4 மணிக்கு இறுதி. குழுநிலையில் ஓர் அணி நாலு ஆட்டத்துக்கு ஒருமுறை ஆடும், ஆகவே தன் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் வரக் கிடைப்பது 86 நிமிடம்.

இந்த 86 நிமிடம்தான் முதல் அளவுகோல். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் நாரும் நிறைந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 3 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஹொக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உதைபந்தாட்டக்காரர் நிமிர்ந்து ஓடுவார். ஹொக்கிக்காரர் இடுப்பில் மடிந்து, மட்டையை நிலத்தோடு வைத்தபடி ஓடவேண்டும். நிறைந்த வயிறு மடியும்போது அமுங்கி, புளிப்பு தொண்டைக்கு வரும். மேடுபள்ளமான கிரவல் தரையில் பந்து தெறிப்பதால் இன்னும் தாழக் குனிய நேரும். அதே சாப்பாட்டோடு கரப்பந்து ஆடி முடிக்கலாம். ஹொக்கி ஆடினால் இரண்டாம் பாதியில் ஆள் வெளியே வந்துவிடுவார்.

இரண்டாவது வெயில். வன்னியில் சுற்றுப்போட்டிக் காலம் காலபோக நெல் அறுவடை முடிந்த பங்குனி தொடக்கம் மாரி மழை வரும்வரை. அந்த வெக்கையில் தேங்காய்ப்பால் கறியோ இறாலோ ஆறிக் கிடந்தால் வெகுநேரம் தாங்காது. மூன்றாவது தண்ணீரும் விறகும். மைதானத்தில் கிணறு இல்லாவிட்டால் பவுசர் (தண்ணீர் வண்டி) எடுக்கவேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்காவது, எத்தனை பேர் எத்தனை மணிக்கு எழும்பிச் சமைக்கவேண்டும் என்பது. கடைசியாக, யாரால் அதைச் சாப்பிட முடியாது என்பது: சைவம், ஹலால், தவக்கால வெள்ளி, நண்டு இறால் ஒவ்வாமை.

கீழே வரும் அளவுகள் 100 பேருக்கு: வீரர்கள் 80, நடுவர்களும் கழகத்தாரும் 20.

புட்டு

காலை ஆட்டத்துக்கு முன் கொடுக்கத் தக்கது இந்த நான்கில் புட்டு ஒன்றுதான். மாச்சத்து நிறைய, கொழுப்புக் குறைவு. கதலி வாழைப்பழமும் கொஞ்சம் சீனியும் சேர்த்துப் பிசைந்தால் காலை 5.30க்குச் சாப்பிட்டவர் 7 மணிக்குக் குனிந்து ஓடலாம். எருமைத் தயிர் வன்னியின் பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் கொழுப்புப் பசுப்பால் தயிரைவிட ஏறத்தாழ இருமடங்கு. காலையில் அதை நடுவர் மேசைக்கு வையுங்கள், வீரர்களுக்கு வேண்டாம்.

மா 12 கிலோ: வறுத்த அரிசி மா பாதி, அவித்த கோதுமை மா பாதி. தேங்காய் 20. வாழைப்பழம் 220, ஆளுக்கு இரண்டும் கொஞ்சம் மிச்சமும். உப்புப் போட்ட கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழைத்து, சுண்டால் (அளவுப் பேணியால்) கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து, ஆவி நன்றாக வந்தபின் 10 தொடக்கம் 12 நிமிடம். கொதிக்காத நீரில் குழைத்தால் அரிசி மா பச்சை வாசமடித்து உதிரும். கோதுமை மா பாதிக்கு மேலே போனால் ஆறியதும் கல்லாகும்.

மறைந்திருக்கும் செலவு தூக்கம். புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி ஒன்றில் 100 பேருக்கு அவித்து முடியாது. குறைந்தது ஐந்து பெட்டி, மூன்று அடுப்பு, விடிய 3 மணிக்கு எழும்ப ஆறு பேர். பெட்டிகளை வீடுவீடாக இரவல் வாங்கினால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் துணி கட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் மனக்கசப்புத்தான் அடுத்த வருடம் ஆட்களைக் குறைக்கிறது. இன்னொன்று, புட்டு தண்ணீரை இழுக்கும். சாப்பிட்ட கையோடு ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும்.

மதியத்துக்குப் புட்டு எடுபடாது. காலையில் அவித்தது ஆறி வரண்டுவிடும், இரண்டாம் தடவை அவிக்க ஆள் வராது.

சோறும் குளத்துமீன் குழம்பும்

உள்வன்னியின் வாதம் வலுவானது. அறுவடை முடிந்த கையோடு சுற்றுப்போட்டி வைத்தால் அரிசிக்குக் காசே தேவையில்லை. அங்கத்தவர் வீட்டுக்கு ஒரு கிலோ தந்தாலே 13 கிலோ சேர்ந்துவிடும். மீன் பக்கத்துக் குளத்தில். ஆனால் புது நெல்லரிசி தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். வழக்கமான உலைநீர் வைத்தால் குழையும், கிடாரத்தின் அடியில் களியாகும். ஒரு கிலோவை முதல்நாள் அவித்துப் பார்த்து நீரளவைக் குறித்து வைப்பது நல்லது.

குளத்துமீனைக் கரையோரத்தார் ஒதுக்குவது சேற்று மணத்தால். அந்த மணம் குளத்துப் பாசியிலும் கிருமிகளிலும் பிறந்து, மீனின் தோலிலும் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சதையிலும் தங்குவது. 1952 இல் இலங்கைக் குளங்களுக்கு வந்த திலாப்பியாவில் இது அதிகம் தெரியும், விராலில் அவ்வளவு தெரியாது. தோலை உரித்து, கருஞ்சதையைச் சுரண்டி, உப்பும் தேசிக்காயும் பிரட்டி 15 நிமிடம் வைத்துக் கழுவினால் மணம் போய்விடும். அந்த மணத்தைத் தரும் பொருளைப் புளிப்பு உடைத்துவிடுகிறது. மஞ்சள் மட்டும் பூசினால் நிறம் மாறும், மணம் அப்படியே இருக்கும்.

முழுமீன் 20 கிலோ வாங்கினால், வெட்டித் துப்பரவாக்கியபின் 12 கிலோ தேறும். பருப்பு 3 கிலோ, பூசணி 7 கிலோ, தேங்காய் 20. கிணற்றுநீர் கல்நீராக இருக்கும் ஊரில் பருப்பு வேகத் தாமதிக்கும். முதல்நாள் இரவே ஊறவிடுங்கள், உப்பும் புளியும் வெந்தபின் போடுங்கள்.

12.30க்குச் சாப்பிட்டு 3 மணிக்கு அரையிறுதி ஆடுபவர்களுக்கு இரண்டரை மணித்தியாலம் உண்டு. அது போதும், ஒரு நிபந்தனையோடு: முதற்பால் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், சோறு ஓர் அகப்பையோடு நிற்கட்டும். சிவப்பரிசியின் தவிடு மெதுவாகச் செரிக்கும். அரையிறுதிக்குப் போன நான்கு அணிகளுக்கும் வெள்ளைப் பச்சையரிசிச் சோறு வேறாக 5 கிலோ போட்டு, சிவப்பைத் தோற்ற அணிகளுக்கும் விருந்தினருக்கும் கொடுக்கலாம். அந்த நாற்பது பேருக்கும் முதற்பந்தி.

இங்கே பெரிய ஆபத்து கிடாரத்துக்குள் இருக்கிறது. சோற்றில் பிழைத்துக்கொள்ளும் ஒருவகைக் கிருமியின் வித்துகள், சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. 9 மணிக்கே எல்லாச் சோற்றையும் வடித்து ஆழக் கிடாரத்தில் மூடிவைப்பதுதான் வழக்கமான பிழை. இரண்டு தடவையாக, 11 மணிக்கும் 12 மணிக்கும் வடியுங்கள். 2 மணிக்கு மிஞ்சியதை மாலைக்கு வைக்கவேண்டாம்.

கடல்மீன்தான் வேண்டும் என்றால் சூரையில் கவனம். ஐஸ் இல்லாமல் வெயிலில் வந்த சூரையில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும்.

இலைக்குக் குளத்துத் தாமரையிலை இருக்கிறது. ரெஜிபோம் (வெண்ணுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி 2017 செப்டெம்பரிலிருந்து தடை, அந்தப் பேச்சே வேண்டாம். தாமரையிலையை அன்று காலையில் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். வாடினால் மடிக்கும்போது கிழியும்.

கொத்துரொட்டி

கிழக்கிலங்கையில் பிறந்தது என்று மட்டக்களப்பார் உரிமை கோரும் கொத்து, இன்று வன்னி நகரங்களின் இரவுச் சாப்பாடு. ஆட்டநாள் பகலுக்கு அது உதவாது. காரணம் ருசியில்லை, இரும்புத் தகட்டின் அகலம். ஒரு தகட்டில் ஒரு தடவைக்கு நாலைந்து பேருக்குத்தான் சரியாகக் கொத்தலாம், அதற்கு 7 நிமிடமாவது போகும். 100 பேருக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம். வரிசையின் கடைசி ஆளுக்கு 3 மணிக்குக் கிடைத்தால் அவர் அணி ஆடும் நேரம் அது.

கடையில் பொதிகளாகச் சொன்னால் இன்னும் மோசம். 11 மணிக்குக் கட்டிய கோழிக்கொத்து 1 மணிவரை வெயிலில் நிற்கும். எண்ணெயும் உப்பும் தாகத்தை ஏற்றும். மைதானத்திலேயே கொத்தினால் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு தேவை. தகட்டை எல்லைக்கோட்டிலிருந்து 50 மீற்றராவது தள்ளி வையுங்கள், சத்தத்தில் விசில் கேட்காது.

கொத்து சிறந்த தெரிவாகும் இடம் ஒன்று உண்டு: மின்னொளியில் மாலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும் நாலு அணிப் போட்டி. தோற்ற அணி முதலில் சாப்பிட, வென்றவர் கடைசியில் சாப்பிட, தகட்டின் வேகமும் அட்டவணையின் வேகமும் ஒத்துப்போகும்.

ஒடியல் கூழ்

ஆட்டத்துக்கு முன் கூழ் கூடவே கூடாது. 400 மில்லிலீற்றர் திரவம், நார், செத்தல் மிளகாய், புளி: குனிந்து ஓடும் வயிற்றுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. ஆனால் இறுதி ஆட்டம் முடிந்தபின் அதற்கு இணையும் இல்லை. வியர்வையில் போன உப்பும் நீரும், ஓடிக் கரைந்த மாச்சத்தும், நண்டும் இறாலும் தரும் புரதமும் ஒரே பிளாவில் (பனையோலைக் கிண்ணத்தில்) திரும்பி வருகின்றன. மட்டையைக் கீழே வைத்த இரண்டு அணியும் ஒரே கிடாரத்தைச் சுற்றி நின்று குடிப்பதும் கூழில் மட்டும்தான் நடக்கும். எனது வாக்கு கூழுக்கே, மாலை 4.30க்கு.

40 லீற்றர் கூழுக்கு ஒடியல் மா 3.5 கிலோ, நண்டு 8 கிலோ, இறால் 4 கிலோ, முள்குறைந்த மீன் 8 கிலோ, மரவள்ளி 5 கிலோ, பயிற்றங்காய் 3 கிலோ, பலாக்கொட்டை 3 கிலோ, அரிசி 1 கிலோ, பழப்புளி 600 கிராம், செத்தல் மிளகாய் 350 கிராம், முருங்கையிலை ஒரு சுளகு நிறைய.

முதல்நாள் இரவு மாவை 15 லீற்றர் நீரில் கரைத்து விடுங்கள். மா அடியில் படியும், கைப்பு மேல்நீரில் நிற்கும். அதை ஊற்றிவிட்டு இரண்டு தடவை நீர் மாற்றவேண்டும். இதைச் சுருக்கினால் எவ்வளவு நண்டு போட்டாலும் கைப்பு மேலே வரும்.

பகல் 2.30க்கு உலை. முதலில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி. மரவள்ளி வேகும்வரை கிடாரத்தை மூடக்கூடாது. 25 நிமிடத்தில் கிழங்கு மசியும் பதம் வந்தபின் பயிற்றங்காய், நண்டு, மீன், கடைசியாக இறால். 12 நிமிடம் கழித்து அரைத்த மிளகாயும் உப்பும் கரைத்த புளியும். புளியை முந்திப் போட்டால் பலாக்கொட்டையும் கிழங்கும் இறுகி நிற்கும், பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது. நெருப்பைக் குறைத்து, ஊறிய மாவை இன்னும் கொஞ்சம் நீரில் கலக்கி, ஒருவர் நூலாக ஊற்ற இன்னொருவர் கைவிடாமல் துழாவ வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபடும். 10 நிமிடம் கொதித்ததும் முருங்கையிலை, இறக்கிவிடலாம்.

50 லீற்றர் கிடாரம் ஒன்றில் வைப்பதைவிட 25 லீற்றர் கிடாரம் இரண்டில் வையுங்கள். மா அடியில் தங்கி அடிப்பிடிக்கும் உணவு இது. ஒன்று கருகினால் மற்றது தப்பும். மீன்தலையை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, சாறு இறங்கியதும் எடுத்துவிட்டால் பிளாவில் முள் வராது.

மறைந்த செலவு ஐஸ். காலையில் வாங்கும் நண்டும் இறாலும் மாலைவரை நிற்க, 12 கிலோவுக்கு 12 கிலோ ஐஸ், மூடியுள்ள பெட்டி, அடியில் நீர் வடிய ஓட்டை. செத்த நண்டு விரைவில் பழுதாகும். உயிர்நண்டாக வாங்கி, ஐஸ்நீரில் மயக்கி உடைக்கவேண்டும். அடுத்த செலவு நண்டுக்கோது. காகமும் நாயும் அதை மைதானத்துக்குள் இழுத்துப் போட்டால் மறுநாள் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குக் கால் கிழியும். மூன்றடிக் குழி ஒன்றை முதலே வெட்டி, உடனுக்குடன் மண் போடுங்கள்.

சோற்றில் கறியை ஒதுக்கலாம், கூழில் நண்டை ஒதுக்க முடியாது. ஒவ்வாமை உள்ளவருக்கும் சைவக்காரருக்கும் 5 லீற்றர் சைவக்கூழை வேறு சட்டியில், வேறு அகப்பையோடு, முதலில் இறக்கிவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | கொடுக்கும் நேரம் | அடுத்த ஆட்டத்துக்கு இடைவெளி | சமையல் ஆட்கள் | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|---|
| புட்டு | காலை 5.30 | ஒன்றரை மணித்தியாலம் | 6 | வரட்சி, தாகம் |
| சோறு, மீன் | 12.30 | இரண்டரை மணித்தியாலம் | 5 | ஆறிய சோறு |
| கொத்து | இரவு | ஆட்டம் முடிந்தபின் | 3 | நீளும் வரிசை, எண்ணெய் |
| கூழ் | மாலை 4.30 | ஆட்டம் முடிந்தபின் | 5 | பழுதான நண்டு, ஒவ்வாமை |

எந்தக் கழகத்துக்கு எது

காசும் ஆளும் இருந்தால் காலையில் புட்டு, மதியம் சோறு, மாலையில் கூழ். மூன்றையும் தாங்கும் கழகம் குறைவு. இரண்டுதான் முடியும் என்றால் காலைப் புட்டை வெட்டி, அணிகளை வீட்டில் சாப்பிட்டு வரச் சொல்லலாம். கிட்டிய ஊர் அணிகள் என்றால் இது சரி. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடியற்காலை வாகனமேறி வருபவர்களுக்குப் பொருந்தாது, அவர்கள் வெறுவயிற்றோடு இறங்குவார்கள்.

ஒன்றுதான் முடியும் என்ற கழகம் மைதானத்தை மாற்றிப் பார்க்கட்டும். முழு அளவு ஹொக்கி மைதானம் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். நடுக்கோட்டில் பிரித்து, குறுக்கே இரண்டு எழுவர் ஆடுகளம் போட்டால் இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் ஓடும். 12 குழுநிலை ஆட்டமும் 9.42க்கு முடியும், அரையிறுதி இரண்டும் 10.15க்கு, இறுதி 11 மணிக்கு, 11.25க்குக் கிண்ணம். உச்சிவெயில் இல்லை, மதிய இடைவேளை இல்லை. 12 மணிக்கு ஒரே ஒரு சாப்பாடு, அதற்குப் பின் யாரும் ஓடத் தேவையில்லை. அதனால் கூழோ முதற்பால் மீன்குழம்போ தாராளமாகப் போடலாம். விலை என்னவென்றால் 4 சோடி கோல் கம்பம், ஒரே நேரத்தில் 4 நடுவர், ஆட்டங்களுக்கு இடையில் வெறும் 32 நிமிடம். அந்த 32 நிமிடத்தில் வாழைப்பழமும் தண்ணீரும் தவிர வேறு கொடுக்கவேண்டாம். கிரவல் வெட்டி நிரவிய சிறு மைதானத்தில் இந்த வழி இல்லை.

திகதியையும் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவில் பல வீடுகளில் மச்சம் இல்லை. அந்தக் கிழமை சோறும் பருப்பும் பூசணியுமே சரியான சாப்பாடு. ஓகஸ்ட் 15 மடு மாதா திருநாளை ஒட்டி வைத்தால் மன்னார் அணிகள் வரமாட்டா. முஸ்லிம் வீரர்கள் உள்ள நாளில் மீனோடு நிற்பது எல்லோருக்கும் இலகு.

சோளகம் வீசும் வைகாசி தொடக்கம் ஆவணிவரை அடுப்பின் இடமும் முக்கியம். காற்று தென்மேற்கிலிருந்து வரும். மைதானத்தின் தென்மேற்கில் அடுப்பை வைத்தால் புகையும் சாம்பலும் ஆட்டத்துக்குள் போகும், வடகிழக்கில் வைத்தால் மைதானப் புழுதி முழுவதும் கிடாரத்தில் விழும். வடமேற்கு மூலையிலோ தென்கிழக்கு மூலையிலோ வைத்து, காற்றுப் பக்கம் கிடுகு கட்டுங்கள்.

எந்தச் சாப்பாட்டைத் தெரிவுசெய்தாலும் குடிநீர் 400 லீற்றருக்குக் குறையக் கூடாது. கழுவ வேறாக 200 லீற்றர். ஆட்டங்களுக்கிடையே கொடுக்கத் தேசிக்காய்த் தண்ணீர்: 10 லீற்றருக்கு 20 தேசிக்காய், 500 கிராம் சீனி, 15 கிராம் உப்பு, அதாவது மட்டமாக இரண்டரைத் தேக்கரண்டி. சீனியை இரட்டித்தால் வயிறு உப்பும். ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) ஒரு பொதியை ஒரு லீற்றர் நீரிலேயே கரைக்கவேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்பு மிஞ்சி மேலும் நீரிழக்கும். காப்பும் தலைக்கவசமும் போட்டு நிற்கும் கோல் காப்பாளர் ஓடாவிட்டாலும் மற்றவர்களைவிட அதிகம் வியர்ப்பார். இடைவேளையில் முதற்போத்தல் அவருக்கு, அடுத்தது பதிலாளே இல்லாமல் நாள்முழுக்க ஓடும் நடுவருக்கு.